சுரேந்திரன் அடித்த மூன்று கோல்கள்

காலை ஏழு மணி எட்டு நிமிடம். ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்டி வாலாஜாபாத் சாலையில் நூறடி போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். ஆறடிக்கு நாலடி. ஓரமெல்லாம் ரோஜாப்பூ, மேலே இரண்டு குத்துவிளக்கு, நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு வெளிநாட்டுக்காரர். செத்தது யார் என்று விசாரிப்பது என் பழைய தொழில். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படித்தேன். 'தோற்றம்: விமான நிலையம், மாலை மரியாதையுடன். மறைவு: முதல் ஆட்டம், இருபதாவது நிமிடம். உன் காலிலிருந்து ஒரு கோலாவது வருமென்று காத்திருந்து கண் பூத்துப்போன ரசிகர்கள், ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு.' கீழே வழக்கம்போல பன்னிரண்டு சிறிய முகங்கள். எல்லாம் கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்த படங்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அவர் சாகவில்லை. சென்னை அணி ஒன்று இந்த ஆண்டு பெரிய நம்பிக்கையோடு அழைத்துவந்த ஆட்டக்காரர். இன்னும் கோல் அடிக்கவில்லை, அவ்வளவுதான். மறைவு என்ற வரியைப் படித்து முடிக்கும்வரை நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவனைப்போல நின்றிருந்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பேனருக்குப் பக்கத்தில் டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த இருவருக்கும் நான் நின்ற நிற்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"இன்னா நிருபர் சார், சாவு வூட்டுக்கு வந்தாப்ல நின்னுகினு கீறீங்க?" என்றார் தாஸ்.

தாஸ் ஒரு காலத்தில் கம்பெனி வேன் ஓட்டியவர். ஏரிக்கரை டீம் என்ற உள்ளூர் கால்பந்து அணியை நடத்தியவர். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை. பக்கத்தில் இருந்தவர் பெருமாள். அந்த டீம் ஆடிய எந்த ஆட்டத்தையும் தவறவிடாத ரசிகர். ஆட்டத்துக்காக ஷிப்டு மாற்றிக்கொண்டு, அதற்காகவே இரண்டு முறை மெமோ வாங்கியவர்.

"இவனுக்குப் போயி பேனரா?" என்றார் பெருமாள், வெளிநாட்டுக்காரரைக் காட்டி. "நம்ம சுரேந்திரனுக்கு அன்னிக்கே ஒண்ணு வெச்சிருக்கணும்பா."

"இவனையாச்சும் வீடியோவப் பாத்து இட்டாந்தானுங்க. நாம பேப்பரப் பாத்துல்ல ஏமாந்தோம்" என்றார் தாஸ்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் டீயை வாங்கிக்கொண்டேன். கண்ணாடி தம்ளர் நல்ல சூடு. அதைக் கைமாற்றிக்கொண்டிருப்பது ஒரு வசதி. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அந்தக் கடையில் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் மேல் ஒரு வாசனை இருந்தது. இரும்பைக் கடையும்போது ஊற்றும் கூலண்டின் வாசனை. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் சோப்பு, கூடவே ஈர இரும்பு. இந்தப் பக்கத்தில் பதினைந்து பதினாறு வருடத்துக்கு முன்னால் கால்பந்து மைதானத்தின் வாசனையும் அதுதான். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. என்னும் கூடுதல் நேர வேலை பார்த்துவிட்டு நேராக வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். சட்டையை மாற்றியிருப்பார்கள், வாசனை மாறியிருக்காது. எனக்கு இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் காதில் விசில் கேட்கும். கூடவே எழுந்து போய்விடலாம் என்றும் தோன்றும். அது ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். வீடு குன்றத்தூரில். அலுவலகம் என்று சொல்லிக்கொண்டது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறை. கீழே இயந்திரம் ஓடும்போது மேலே என் மேசை லேசாக நடுங்கும். விபத்து, மறியல், கும்பாபிஷேகம், குடிநீர், திங்கட்கிழமை வந்தால் மனுநீதி நாள். எல்லாவற்றிலும் எனக்கு ஒரு கர்வம் இருந்தது: என் செய்தியில் தப்பு வராது. மின்னல் தாக்கி ஆறு மாடு செத்தது என்று காவல் நிலையத்தில் சொன்னால், தண்டலம் தாண்டிப் போய் எண்ணிப் பார்த்து ஐந்து என்று எழுதுகிறவன். ஆறாவது மாடு எழுந்து போய்விட்டிருந்தது. இந்தக் கதையை அந்தக் காலத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

கர்வத்துக்குக் கீழே கொஞ்சம் பயமும் இருந்தது. அந்த ஆண்டு என் பேரில் ஏற்கெனவே இரண்டு திருத்தங்கள் வெளியாகியிருந்தன. ஒரு திறப்பு விழாவில் திறந்துவைத்தவரையும் தலைமை தாங்கியவரையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். இன்னொன்று, ஏரி உடைந்த செய்தியில் பக்கத்து ஏரியின் பெயர். காஞ்சிபுரத்தில் எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட உதவி ஆசிரியர் போனில் நிதானமாகச் சொன்னார்: "மூணாவது வந்தா என்கிட்ட பேச வேண்டாம். வேற ஆளப் பாத்துக்கறேன்." என்னை நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்த வருடம் அது.

ஞாயிறு ஆட்டங்கள் பற்றி நான்கு வரி எழுதலாம் என்று அந்தப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். கம்பெனிகளுக்கு இடையே போட்டி நடந்த காலம் அது. ஒரு கம்பெனி கட்டடம் எழுப்பாமல் வேலி மட்டும் போட்டு வைத்திருந்த நிலத்தில், ஒரு பக்கத்துக்கு ஏழு பேராக ஆடினார்கள். பார்வையாளர்களை அவர்கள் போட்டிருந்த சீருடையை வைத்தே பிரித்துவிடலாம். நீலச் சட்டை நிரந்தரத் தொழிலாளர்கள். சாம்பல் சட்டை காண்ட்ராக்ட். நீலம் சாமியானாவுக்குக் கீழே நாற்காலியில். சாம்பல் எதிர்ப்பக்கம் மண்மேட்டில்.

அன்று காருக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் கம்பெனியின் அணி ஆடியது. அதில் ஒன்பதாம் எண் சட்டைக்காரர் ஒருவர். ஆறாவது நிமிடத்தில் ஒரு கோல். பத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று. மூன்றாவது, பாதிக்கோட்டிலிருந்து நான்கு தப்படி உள்ளே நின்று இடது காலால் தூக்கி அடித்தது. கோல்கீப்பர் பின்னால் நடந்து நடந்து வலைக்குள் போய் உட்கார்ந்தார். பந்து அவர் மடிக்கு மேலே வந்து விழுந்தது. நான் கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன். அடித்தவர் திரும்பி ஓடியபோது முதுகில் வெள்ளை எழுத்தில் பெயர் தெளிவாகத் தெரிந்தது; முகத்தைக் கவனிக்கவில்லை. எழுதிக்கொண்டேன்: சுரேந்திரன், மூன்று.

இன்னொன்றையும் பார்த்தேன். ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து குதித்தது மண்மேட்டுச் சாம்பல் கூட்டம். நாற்காலியில் இருந்த நீலச் சட்டைகள் உட்கார்ந்தபடியே கை தட்டின. தங்கள் ஆள் அடித்ததற்கு அவர்கள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு வரி செவ்வாய்க்கிழமை வந்தது. பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஏரிக்கரை டீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதா கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் தொடர்ந்து நான்கு வருடம் தோற்ற அணி. நான்கு வருடமும் தோற்கடித்தது பக்கத்து ஊர் கல்குவாரி டீம். கல்குவாரிக்காரர்கள் கல்யாண வீட்டில் சாம்பார் வாளியோடு எதிரில் வந்தால், "நாலு கரண்டி ஊத்தவா?" என்று கேட்பார்கள். இவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் என் நான்கு வரி தாஸ் கண்ணில் பட்டது. கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேனை நேராகக் கண்ணாடிக் கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஷிப்டு விடும் நேரத்தில் சுரேந்திரனை ஆள் விசாரித்துப் பிடித்தார்.

ஒப்பந்தம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஜோடி புது பூட்ஸ். பயிற்சிக்கு வேனில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது. ஞாயிறு மதியம் தாஸ் வீட்டில் பிரியாணி. முதல் நாள் சுரேந்திரன் ஏரிக்கரையில் வந்து இறங்கியபோது பட்டாசு வெடித்தார்கள். முப்பத்தைந்து வயது, திடமான உடம்பு, லேசான தொப்பை. தொப்பையைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருவர், "பெரிய பிளேயருங்களுக்கு அப்டிதாண்டா இருக்கும்" என்றாராம். நம்பிக்கை எப்படியெல்லாம் காரணம் தேடிக்கொள்ளும் பாருங்கள்.

பயிற்சியில் பந்து அவருக்கு முன்னால் ஓடியது. அவர் பின்னால் நடந்தார். "காலு ரெஸ்ட்ல வெச்சிகிறாரு. மேட்சுக்குச் சேத்து வெக்கிறாரு" என்று தாஸ் எல்லோரையும் சமாதானப்படுத்தினார். ஒரு வாரம் ஆனது. சந்தேகம் கசிய ஆரம்பித்தது. கல்குவாரி டீம் கேப்டனின் மச்சான் வண்டியில் அவர் ஏறிப் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அது வேறு ஆள் என்று இன்னொருவர். வேறு ஆள் என்று சொல்பவன் கல்குவாரியில் பெண் எடுத்தவன் என்று மூன்றாமவர். இந்தப் பேச்சையெல்லாம் நான் ரசித்துக் கேட்டேன். எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள், என் நான்கு வரியைத் தவிர. அச்சில் வந்ததை யாரும் சந்தேகப்படவில்லை. நானும் படவில்லை.

இரண்டாவது வாரம், ஒரு மதியம், ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். சாம்பல் சட்டை. இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் பேரு எட்வின் சார். வியாசர்பாடி. கண்ணாடிக் கம்பெனில காண்ட்ராக்ட்ல கீறேன். அந்த மூணு கோல் நான் அட்ச்சது சார்."

"சட்டையில சுரேந்திரன்னு இருந்துதே."

"சட்டை அவர்து சார். கால் என்து."

பிறகு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினார். கம்பெனி டீமுக்குச் சட்டை நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் தருவார்கள், பெயர் போட்டு. காண்ட்ராக்ட் ஆள் ஆடக்கூடாது. அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேள்வி வரும். ஆனால் நிரந்தரத்தில் இருப்பவர்கள் ஓடுகிற வயதைத் தாண்டியவர்கள். அதனால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்கள். போட்டுக்கொண்டு ஆடிவிட்டு, அன்றைக்கே துவைத்து, மறுநாள் மடித்துத் திருப்பித் தர வேண்டும்.

"ஆடறவன் மூஞ்சி யாரு பாக்கறா சார், முதுகத்தான் பாப்பாங்க. ஹெச்.ஆருக்கும் தெரியும். ரெஃப்ரிக்கும் தெரியும். ஒரகடம் ஃபுல்லா தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரில."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை.

அவருக்கு வேண்டியது என்ன என்பதையும் சொன்னார். ஒரு அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுத்தால் வேலையும் உண்டு. சான்றிதழ்கள் இருக்கின்றன. ஆனால் சமீபத்தில் ஆடியதற்கு அத்தாட்சியாகப் பேப்பரில் பெயர் வந்த துணுக்கு ஒன்று வேண்டும். அவரிடம் இருப்பதெல்லாம் வியாசர்பாடியில் ஆடிய காலத்துத் துணுக்குகள். அடுத்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் பிறகு விண்ணப்பமே போட முடியாது.

"சுரேந்திரன் அண்ணன் பேர எடுக்க வேணாம் சார். அவர் பேருக்குப் பக்கத்துல என் பேரையும் ஒரு தபா போடுங்க. ஒரே ஒரு வரி."

"போட்டா, காண்ட்ராக்ட் ஆள் ஆடினது வெளியே வருமே? உங்க வேலை?"

"அத்த எப்டியும் அடுத்த மாசம் பிரேக்குன்னு சொல்லி நிறுத்திருவாங்க சார். இது வந்தா அது தேவையேயில்ல."

என் இடத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்று முதலில் பார்ப்போம், என்ன சொல்கிறார் என்பது அப்புறம்தான். பேர் போடச் சொல்லி வாரத்துக்கு ஐந்து பேர் அந்தப் படியேறுவார்கள். இவர் ஆறாவது என்று என் மனது எழுதிக்கொண்டுவிட்டது. அவர் படியிறங்கும்போது காலைப் பார்த்தேன். கம்பெனி கொடுக்கும் கனமான காலணி. வலது காலுடையது புதிதுபோல இருந்தது. இடது காலின் முனையில் மட்டும் தோல் உரிந்து உள்ளே விரல்களைக் காக்கும் இரும்புத் தொப்பி தெரிந்தது. போகிற வழியில் கிடக்கும் கல்லையெல்லாம் எந்தக் காலால் உதைப்பவர் என்று அந்தக் காலணி சொன்னது. பார்த்தேன். பார்த்ததோடு சரி.

விசாரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏரிக்கரைக்குப் போனேன். அந்த ஊர் ஏரியில் தண்ணீர் வற்றிய பக்கத்தில்தான் மைதானம். சேறு காய்ந்து வெடித்து, ஓடினால் பிஸ்கட் உடைவதுபோலச் சத்தம் வரும். சுற்றி முப்பது பேர். தாஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். புது பூட்ஸில் சுரேந்திரன் பந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு கம்பெனி மேட்ச் ஆடினது நீங்கதானே?" என்றேன்.

அவர் தாஸைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். "சட்டையில பேரப் பாத்துட்டுத்தானே சார் எழுதினீங்க?" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அது பதில் இல்லை, இன்னொரு கேள்வி. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். எனக்கு அன்று பதிலாகத் தெரிந்தது. மூன்றாவது திருத்தம் வராமலிருக்க, அது பதிலாகத் தெரிய வேண்டும் என்று எனக்கு அவசியமும் இருந்தது.

இறுதி ஆட்டம் ஞாயிறு மாலை நாலரைக்கு. கோயில் கொடி இன்னும் இறக்கவில்லை. ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று தாஸ் இப்போது சொல்கிறார். நான் முந்நூறு என்று எழுதினேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சுரேந்திரன் இடது காலைப் பந்துப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. இடது பக்கம் வந்த பந்தையெல்லாம் சுற்றிவந்து வலது காலால் தொட்டார். சுற்றி வருவதற்குள் பந்து வேறு யாரிடமோ இருந்தது. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டி கோயில் சுவரைத் தாண்டி, பங்குத்தந்தையின் வாழைத்தோட்டத்தில் விழுந்தது. கல்குவாரி இரண்டு, ஏரிக்கரை பூஜ்யம். ஐந்தாவது வருடம்.

"துட்டு வாங்கிட்டான்" என்று முதலில் கத்தியது யார் என்று தெரியாது. கூட்டம் சுரேந்திரனைச் சுற்றிக்கொண்டது. பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார்கள். முழங்கால் உறை ஒன்று, சீப்பு, துண்டு, காலி டிபன் பாக்ஸ், லேமினேட் செய்த சிறிய அட்டை. அட்டையை எடுத்துப் பார்த்தேன். என் நான்கு வரி.

"பூட்ஸக் கழட்டு" என்றார் தாஸ்.

சுரேந்திரன் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. நேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை, யாரும் அடிக்கவும் இல்லை. கழற்றி, ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து, தார் ரோட்டில் வெறுங்காலோடு பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார். மே மாதம். வெயில் இறங்கியும் ரோடு ஆறவில்லை. இந்த இடத்தில் நான் ஏதாவது பேசியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் கையில் அவருடைய அட்டை இருந்தது. அதை அவர் பையில் திருப்பிப் போட்டுப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் நன்றி என்றார்.

சுரேந்திரனைப் பிறகு ஒரு முறை பார்த்தேன், ஆறேழு வருடம் கழித்து, சுங்குவார்சத்திரம் சந்தையில். வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அவரே அடையாளம் கண்டுகொண்டு வந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு ஓ.டி. சார், லைன்ல இருந்தேன். நான் ஆடலன்னு சொன்னா, அப்ப யாரு ஆடினதுன்னு அடுத்த கேள்வி வரும். பேப்பர்ல வேற வந்துட்சி. ஒரே நிமிசத்துல கேட் பாஸப் புடுங்கிப்பாங்க. என்து இல்ல சார், எட்வின்து. அவன் வேலைய காப்பாத்தணும்னுதான் வாய மூடிகினு போயி ஆடினேன்."

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த நான்கு வரியை வெட்டி ஒட்டி, பக்கத்தில் சுரேந்திரனின் படத்தையும் போட்டு, கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு வருடம் வைத்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. எட்வினைக் காப்பாற்றினாரா, படத்தைக் காப்பாற்றினாரா? இரண்டும் இருக்கலாம். சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். நிறுத்த முயற்சி செய்ததில்லை.

"நான் பயந்துகினு உண்மைய சொல்லாம இருந்துட்டேன். நீங்க ஏன் சார் மறுபடி வந்து கேக்கல?" என்றார்.

பேருந்து வந்துவிட்டது என்றேன். வந்தது என் ஊருக்குப் போகும் பேருந்து இல்லை. ஏறிக்கொண்டேன்.

இன்று காலை டீக்கடையில் பெருமாள் கடைசி மிடறைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதாம்பா எனக்கு இன்னிக்கி வரிக்கும் புரில. கம்பெனி மேட்ச் அன்னிக்கி நான் மண்மேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன். தூரத்துல மூஞ்சி தெரில, ஆனா மூணாவது கோல் எடது கால்ல போச்சி. நம்மகிட்ட வந்தவன் எடது கால ஊனிக்கத்தானே வெச்சிருந்தான்?"

"அதான் நானும் சொல்றேன். கல்குவாரிக்காரனுங்க அந்தக் காலுக்கு மட்டும் செய்வினை வெச்சிட்டானுங்க" என்றார் தாஸ்.

"காலுக்கு மட்டும் தனியா வெப்பானுங்களா?"

"பின்ன? முழு ஆளுக்கு வெச்சா கேஸ் ஆயிடும்ல."

சிரிப்பு அடங்கியதும் தாஸ் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கோலுக்குப் பின்னாடியே நின்னீங்க. அன்னிக்கி நல்லாத்தானே ஆடினான்?"

பெருமாளும் என்னைப் பார்த்தார். அவர் பார்வை தாஸுடையதைவிடச் சற்று நேரம் கூடுதலாக நின்றது. பதினாறு வருடத்தில் முதல் முறையாக யாரோ சரியான இடத்தைச் சந்தேகப்படுகிறார்கள் என்று தோன்றியது.

"நல்லா ஆடினான்" என்றேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கமாக ஒரு சுற்றுப் போய் வந்தேன். மைதானம் இருந்த இடத்தில் கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள், மூன்று மூன்றாக. கம்பெனிப் போட்டி நடந்த வேலி நிலத்தில் இப்போது பேட்டரி செய்கிறார்கள். கல்குவாரியில் கல் தீர்ந்து, தண்ணீர் நிற்கிறது. அந்த டீமும் இல்லை. தங்களைத் தோற்கடிக்க ஆள் இல்லாமல் ஏரிக்கரை டீம் அதற்கு அடுத்த வருடமே கலைந்தது. கண்ணாடிக் கம்பெனியில் சாம்பல் சட்டை, நீலச் சட்டை என்று இரண்டு நிறம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நிறம். ஆனால் வாசலில் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். எங்கள் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கமும் நின்றுபோய்விட்டது. எட்வின் அடுத்து எங்கே போனார் என்று அந்தக் காலத்திலேயே ஒரு தடவை கம்பெனி வாசலில் விசாரித்தேன். "எந்த காண்ட்ராக்டரு ஆளு?" என்று செக்யூரிட்டி கேட்டார். நான் அதை எட்வினிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

எட்வின் விண்ணப்பம் போடக் கடைசி நாள், இறுதி ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. அன்றைய பக்கத்தில் என் செய்தி ஒன்று வந்திருந்தது. ஊராட்சி அலுவலக வளாகத்தில் மரக்கன்று நடும் விழா. கலந்துகொண்ட பதினேழு பேருடைய பெயர்களும் சரியாக இருந்தன.